நீலப்பூச் சட்டி

பாபின் அக்காவுக்கு எளிதில் அருவருப்பு வராது. வந்தால் அவள் தொழில் நடக்காது. பழைய துணியைப் பிரித்துத் திருத்தித் தருகிற கடை அவளுடையது, புதுத்துணி தைப்பதில்லை. இடுப்பு இறுகிப்போன பேன்ட், பல் போன ஜிப், அக்குளில் கிழிந்த சட்டை, இவைதான் வரும். கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் துவைத்துக் கொடுக்க மாட்டார்கள். "அவசரம்க்கா, சாயங்காலம் போட்டுட்டுப் போகணும்" என்று உடம்புச் சூடு ஆறாத பேன்ட்டை மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். பைக்குள் கையை விட்டால் மூக்குச் சிந்திய காகிதம் வரும். ஒருமுறை பாதி கடித்த அவித்த முட்டை வந்தது. முகம் சுளிக்காமல் அதைக் குப்பையில் போட்டுவிட்டுத் தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவாள்.

தையல் மெஷினுக்குள் நூல் சுற்றிவைக்கிற குட்டி உருளைக்குப் பேர்தான் பாபின். அந்தப் பெயரை அவளுக்கு வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. குள்ளம், உருண்டை, ஓரிடத்தில் நில்லாத சுழற்சி. பார்த்தவனுக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது.

அப்படிப்பட்ட மனுஷிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப்பிறந்த அண்ணன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுக் குடலைப் பிடுங்கியது. அதைப் பற்றி அண்ணன் வீட்டார் சொந்தக்காரர்களிடம் ஒரு கதை சொல்லித் திரிகிறார்கள். பொறாமையாம். புத்தி பேதலித்துவிட்டதாம். நல்ல கதை! நடந்ததை நடந்தபடி சொன்னால் யாருக்குப் புத்தி பேதலித்தது என்று கேட்கிறவர்களே முடிவுசெய்துகொள்ளலாம்.

அவர்கள் அப்பா அந்த இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை வாங்கிய காலத்தில் அந்தப் பக்கத்தை நாய்கூடச் சீந்தாது. கல் பாவிய குறுகல் தெரு. தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக் கட்டடங்கள். படிக்கட்டில் எப்போதும் எலி மூத்திர வாடை. டாக்சிக்காரன் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டு வடக்குச் சுவரில் கோடை நடுவிலும் ஈரம் கசியும். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிரும். அண்ணன் கல்யாணமான கையோடு, "இந்த நாத்தத்துல மனுஷன் குடியிருப்பானா?" என்று கேட்டுவிட்டு, புது நகரத்தில் லிஃப்ட் வைத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். போனவர் போனவர்தான்.

பாபின் அக்காவின் கல்யாணம் நிலைக்கவில்லை. குடித்துவிட்டு வந்து தையல் மெஷினை மாடியிலிருந்து தூக்கிப் போட்டவனோடு என்ன வாழ்வது? மெஷினைப் பழுது பார்த்தாள். புருஷனைப் பழுது பார்க்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் மெஷினோடு அம்மாவிடம் வந்துவிட்டாள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். பெரிய அறையில் அம்மா, முற்றத்தைப் பார்த்த சின்ன அறையில் இவள். கட்டில் போட்டால் அலமாரி திறக்காது, அலமாரியைத் திறந்தால் கதவு சாத்தாது, அவ்வளவுதான் அறை. ஆனால் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே ஒருத்தன் கை ஓங்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த அறை அவளுக்கு அரண்மனை.

பிறகு அம்மா அந்தப் படிக்கட்டில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே வெளிக்குப் போக ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் தட்டு ஒரு வாரத்திலேயே விரிசல் விட்டு, அம்மாவின் தோலைக் கவ்வியது. அப்போதுதான் பரணில் கிடந்த சட்டி நினைவுக்கு வந்தது. வீட்டை அப்பாவுக்கு விற்றவர்கள் விட்டுப்போனது அது. கனமான பீங்கான், அகன்ற வாய், ஒரு பக்கம் மட்டும் காது மாதிரி கைப்பிடி, சுற்றிலும் நீலப்பூக் கொடி. அந்தக் காலத்துப் பணக்காரர்கள் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, எழுந்து போகச் சோம்பல்பட்டு ஒன்றுக்கும் இரண்டுக்கும் போன சட்டி என்று அப்பா சொல்லியிருந்தார். செய்தித்தாளில் சுற்றி மேலே போட்டதோடு சரி, யாரும் அதைத் தொட்டதில்லை.

பாபின் அக்கா அதை இறக்கிக் கழுவி அம்மாவுக்கு வைத்தாள். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

"உங்கப்பன் எனக்கு வெள்ளித் தட்டு வாங்கிக் குடுக்கலன்னு குறைப்பட்டேனே. பாத்தியா, மகாராணி சட்டி வச்சிட்டுப் போயிருக்கார்."

"மகாராணி முடிச்சாச்சா? எனக்குக் கடை திறக்கணும்."

"மகாராணியை அவசரப்படுத்தாதடி."

கைப்பிடிக்குக் கீழே ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அது அம்மாவின் தொடையைக் கிழித்துவிடக் கூடாது என்று, வேறு ஒன்றும் கைக்கு அகப்படாமல், தன்னிடம் இருந்த ஒரே சிவப்பு நெயில் பாலிஷை அதன்மேல் கெட்டியாகப் பூசிக் காயவைத்தாள். நீலப்பூக்களுக்கு நடுவே குங்குமப்பொட்டு மாதிரி அது நின்றுவிட்டது. அம்மா இருந்த காலம் முழுக்க அந்தச் சட்டியை அள்ளிக் கொட்டிக் கழுவியது இவள்தான். காலையில் கடை திறக்குமுன் ஒருமுறை, மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்து ஒருமுறை, இடையில் அம்மா கூப்பிட்டனுப்பினால் ஊசியை அப்படியே துணியில் குத்திவிட்டு மூன்று மாடி ஏறி வருவாள். ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. பெற்றவளின் மலம், அதில் என்ன இருக்கிறது?

அண்ணனும் வருவார். வராமல் என்ன. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் நிலைப்படியில் நின்றபடியே, "எப்படிம்மா இருக்க?" என்பார். "உள்ள வாடா" என்று அம்மா கூப்பிட்டால், கீழே காரை எடுக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஒரே ஒருமுறை உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்! அம்மா பேனாவைக் கீழே வைக்குமுன் கேட்டாள்.

"சின்னவ எங்கடா போவா?"

"என்னம்மா கேக்குற? சின்ன ரூம் எப்பவும் அவளுக்குத்தான். உன் மேல சத்தியம்."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னதால் குரல் கொஞ்சம் அடைத்தாற்போல் இருந்தது. அம்மா அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மா போனபிறகு அந்தப் பகுதிக்கு அடித்தது யோகம். தெருமுனையில் 'பாரம்பரியப் பகுதி' என்று பலகை நட்டார்கள். கழுத்தில் கேமரா தொங்கவிட்டவர்கள் கூட்டமாக வந்து, எலி வாடையை ஆழமாக இழுத்துக்கொண்டு, பழைய கதவுகளைத் தடவிப் பார்த்தார்கள். கயிற்றுக்கடை காபிக்கடை ஆனது. ஓட்டை விழுந்த ஓடு எல்லாம் 'கலைநயம்' ஆகிவிட்டது. அண்ணனுக்கும் பிறந்த வீட்டுப் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"வீட்டைப் புதுப்பிக்கப் போறேன். வேலை முடியற வரைக்கும் நீ கடையில படுத்துக்கோ. முடிஞ்சதும் சின்ன ரூமுக்கு வந்துடலாம்" என்றார்.

கடைக்கு மேலே பலகை அடித்த ஒரு பரண் உண்டு. உட்காரலாம், படுக்கலாம், நிமிர்ந்தால் உத்தரம் மண்டையைப் பிளக்கும். பாபின் அக்கா அங்கே பாயை விரித்துக்கொண்டாள். சத்தியம் செய்திருக்கிறாரே.

புதுப்பிக்க வந்தவள் ஓர் அலங்கார நிபுணி. அண்ணனும் அண்ணியும் வாய்க்கு வாய் 'மேடம்' என்றார்கள். மேடத்துக்கு ஒரு சுவரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. சமையலறைச் சுவரை இடித்தாள். கூடத்துச் சுவரில் ஒன்றைத் தோலுரித்து, செங்கல் பல்லை இளிக்க அப்படியே விட்டாள். அதற்குப் பேர் அழகாம். ஈரம் கசிந்த வடக்குச் சுவரை என்ன செய்தாள்? அதை மட்டும் உரிக்கவில்லை. பளபள மரப்பலகை அடித்து மூடிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் குளத்தையே பலகையில் மறைத்தாள். குளியலறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே இருப்பவர் இடுப்புக்குமேல் தெரிவார், கீழே மட்டும் மங்கல். அந்தக் கதவும் பக்கவாட்டில் தள்ளுகிற ஜாதி; பாதியில் சிக்கிக்கொண்டால் ஆள் வந்து தூக்கித் தள்ள வேண்டும். பார்க்கப் போன பாபின் அக்கா வாயில் வந்ததைச் சொல்லவில்லை. தன் வீடா, அண்ணன் வீடு.

திரைச்சீலை எல்லாம் அவளைத்தான் தைக்கச் சொன்னார்கள். "உன் ரூமுக்கு உனக்குப் பிடிச்ச துணியா எடுத்துக்கோ" என்று அண்ணி தேனொழுகப் பேசினாள். பிடித்த துணியா! மனுஷிக்கு அந்த வார்த்தை போதும். இளம்பச்சையில் கெட்டிப் பருத்தித் துணி எடுத்தாள். அடுத்தவர் இடுப்பைப் பிரித்துக் கட்டியே கண் போனவள், முதல் முறையாகத் தனக்கென்று ஒன்று தைத்தாள். மெஷினில் ஓட்டாமல் ஓரம் மடித்துக் கையால் தைத்தாள், தையல் வெளியே தெரியாதபடி. பரணில் குனிந்து உட்கார்ந்து தைக்கும்போது முற்றத்து ஜன்னலில் அது எப்படித் தொங்கும் என்று நினைத்துத் தானே சிரித்துக்கொள்வாள்.

கூடத்துத் திரையை மாட்டப் போன அன்று சாப்பாட்டு மேசை நடுவில் அதைப் பார்த்தாள். நீலப்பூச் சட்டி. வழவழவென்று துடைத்து, உள்ளே காய்ந்த பூங்கொத்து செருகி, மேலே ஒரு தொங்கும் விளக்கை வேறு அதற்கு நேராக இறக்கியிருந்தார்கள். கைப்பிடிக்குக் கீழே சிவப்புப் பொட்டு பளிச்சென்று நின்றது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சீ என்று இருந்தது. அம்மா போன மறுநாள் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, பழைய போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றியது அவள்தான். தூக்கிப் போட மனசு வரவில்லை. அதைப் போய்ச் சாப்பிடுகிற இடத்திலா வைப்பார்கள்?

"அண்ணே, இந்தச் சட்டி..."

"ஆங், பரண்ல கிடந்துச்சு. மேடம் கண்ணு பாத்தியா? பாத்ததும் அப்படியே ஆடிப்போயிட்டாங்க."

"இல்லண்ணே, இது வந்து அம்மாவுக்கு..."

"அம்மாது தெரியும். நீ ஏணியைப் பிடி. உனக்குத் துணி தெரியும், இதெல்லாம் மேடம் பாத்துக்குவாங்க."

மேடம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிவப்புப் பொட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். பூங்கொத்துதானே வைத்திருக்கிறார்கள், தொலையட்டும் என்று பாபின் அக்கா விட்டுவிட்டாள். சொல்லப் போனவளை ஏணி பிடிக்கச் சொன்னால் ஏணியைத்தான் பிடிப்பாள்.

"ஞாயித்துக்கிழமை உன் ரூம் திரையைக் கொண்டாந்து மாட்டிடு. விருந்தாளிங்க வர்றாங்க, எல்லாம் முழுசா இருக்கணும்" என்றார் அண்ணன்.

விருந்தாளிகள் என்றதும் இவள் புதுமனை புகுவிழாவுக்கு யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை குளித்து, நல்ல புடவை கட்டி, இளம்பச்சைத் திரையை இஸ்திரி போட்டுக் கைமேல் மடித்துப் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். தலையணை உறையும் கொண்டுவந்திருந்தாள். இன்றைக்கே படுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

கூடத்தில் யாரும் இல்லை. பேச்சுக்குரல் பெரிய அறையிலிருந்து வந்தது. இவள் நேராகச் சின்ன அறைக்குப் போய், ஸ்டூலில் ஏறித் திரையை மாட்டினாள். கட்டிலுக்குப் பதில் அங்கே ஒரு குட்டிக் கட்டிலும் சுவரில் ஒட்டகச்சிவிங்கி படமும் இருந்ததைப் பார்த்தாள். மேடத்தின் கிறுக்கு, போட்டோவுக்காக வைத்திருப்பாள் என்று நினைத்தாள். அப்போது எல்லாரும் உள்ளே வந்தார்கள். அண்ணன், அண்ணி, மேடம், அவர்களோடு ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். மனைவிக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது.

"இதுதான் குழந்தைக்கு" என்றாள் அவள் புருஷனிடம். ஜன்னலிடம் வந்து திரையைத் தொட்டாள். "அழகா இருக்கே! வீட்டை வாங்கினா இதெல்லாம் எங்களுக்குத்தானா?"

"எல்லாமே வீட்டோடதான்" என்றார் அண்ணன்.

ஸ்டூல்மேல் நின்றவள் திரும்பினாள். வாங்கினால் என்கிறாளே? அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார்.

"இவங்க யாரு?" என்று அந்தப் பெண் சிரித்த முகமாகக் கேட்டாள்.

அண்ணன் வாயைத் திறந்தார். ஒரே வயிற்றில் பிறந்தவர். இவள் பள்ளிக்கூடம் போகும்போது கை பிடித்துத் தெரு தாண்ட வைத்தவர். நாக்கு கூசாமல் சொன்னார்.

"கர்ட்டன் தைக்கிறவங்க."

அண்ணி உடனே, "வாங்க, எல்லாரும் ஏதாவது சாப்பிடலாம்" என்று கூட்டத்தைக் கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். பாபின் அக்கா இறங்கி, ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். சத்தியம் செய்த கை கண்ணில் நின்றது. அந்தச் சத்தியத்தை நம்பித்தான் குனிந்த முதுகோடு பரணில் கிடந்தோம், இவனுக்குத் திரை தைத்துக் கொடுத்தோம், விற்பதற்கு! தூ என்று இருந்தது. அண்ணன்மேல் பாதி, தன்மேல் பாதி.

எழுந்து வெளியே வந்தாள். கேட்டுவிட்டுத்தான் போவது என்று வந்தாள். வந்தவள் மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

நீலப்பூச் சட்டி நிறையப் பழக்கலவை. ஆப்பிள், திராட்சை, வாழைப்பழம், மேலே தளும்பத் தளும்பக் கிரீம். மேடத்தின் யோசனைதான், பழைய வீட்டில் பழைய பாத்திரத்தில் பரிமாறினால் வாங்க வந்தவர்கள் மயங்கிவிடுவார்களாம். அண்ணன் ஏற்கெனவே ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டு, கரண்டியை நக்கியபடி தனக்கு மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். பல் டாக்டர் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டியிருந்தார். அவர் மனைவி கையில் கிண்ணம் இருந்தது. ஸ்பூனில் ஒரு திராட்சை.

"இந்தச் சிவப்புப் புள்ளியைப் பாருங்க" என்றாள் மேடம். "செஞ்சவரோட முத்திரை. ரொம்ப அபூர்வம்."

"பரம்பரைச் சொத்துங்க" என்று ஆரம்பித்தார் அண்ணன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. "எங்கம்மா வீட்டுல விசேஷம்னா இதுலதான் பரிமாறுவாங்க. கடைசிக் காலத்துலகூட, படுத்த படுக்கையா இருந்தப்பக்கூட, என் கையால இதுலேருந்து எடுத்து ஊட்டி விடுவேன். இதைப் பாத்தா எனக்கு அம்மா ஞாபகம்தான்."

திராட்சை அந்தப் பெண்ணின் உதட்டுக்குப் போனது. பாபின் அக்கா எப்படி அந்த இடத்துக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மணிக்கட்டைப் பிடித்து ஸ்பூனைக் கீழே இறக்கினாள்.

"வேணாம்மா. நீ பிள்ளைத்தாச்சி. சாப்பிடாத."

"என்ன பண்றீங்க?" என்று அண்ணி பாய்ந்தாள்.

"நான் கர்ட்டன் தைக்கிறவ இல்லம்மா. இவர் தங்கச்சி. இந்த வீட்டுலதான் எங்கம்மா படுத்திருந்தாங்க. இது அவங்க வெளிக்குப் போன சட்டி."

மேடம்தான் முதலில் சிரித்தாள். "சும்மா சொல்றாங்க. இது முத்திரை போட்ட..."

"அது என் நெயில் பாலிஷ். கீழ சில்லு பேந்திருக்கும், தொட்டுப் பாரு. அம்மா தொடையில கிழிச்சிடும்னு நான் பூசினது." பாபின் அக்கா அண்ணனிடம் திரும்பினாள். "ஏண்ணே, ஊட்டி விட்டேன்னியே. கையெழுத்துக்கு இல்லாம அம்மாவுக்காக ஒருநாள், ஒரே ஒருநாள் நீ மூக்குலேருந்து துணியை எடுத்துட்டு உள்ள வந்திருந்தா, கட்டிலுக்கு அடியில இது இருந்ததை நீயே பாத்திருப்பியே."

அண்ணனின் விரல் தன்பாட்டுக்குக் கைப்பிடிக்குக் கீழே போயிற்று. தடவியது. சில்லு இருந்தது. முகம் முதலில் மஞ்சளாகி அப்புறம் பச்சையானது. குளியலறைக்கு ஓடினார். கண்ணாடிக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தார், உதைத்தார், அது அசையவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். அண்ணி, "அய்யோ, தரை! தரை!" என்று இரண்டடி பின்னால் போனாள். மேடம் பால்கனிக்குப் போய்விட்டாள்.

பாபின் அக்காவின் கை பழகின கை. யாராவது குமட்டினால் அது மனசைக் கேட்டுக்கொண்டு நிற்காது. ஒரு கையால் அண்ணனின் நெற்றியைப் பிடித்தாள், இன்னொரு கையால் சட்டியை இழுத்து மோவாய்க்குக் கீழே வைத்தாள். கிரீம்மேலேயே எல்லாம் விழுந்தது. அவர் முடிக்கும்வரை நெற்றியை விடவில்லை. அம்மாவுக்குச் செய்ததுதான். அன்றைக்கு வராத அருவருப்பு இன்றைக்கு விரல் வழியே ஏறித் தோள்வரை வந்தது. அது வாந்திக்காக வந்ததல்ல.

பல் டாக்டர் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். படியில் அவர்கள் செருப்புச் சத்தம் இறங்கியது. அண்ணன் உதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மூச்சு வந்ததும் அவர் கேட்டது மன்னிப்பு இல்லை.

"ஓடு. கீழ போய், விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு. இன்னும் போயிருக்க மாட்டாங்க."

"என்னது?"

"உனக்குன்னு வேற ஒரு ரூம் பாத்துத் தரேன். இதைவிடப் பெருசா. அம்மா மேல சத்தியமா. போய்ச் சொல்லு, போ."

பாபின் அக்கா அவரைப் பார்த்தாள். உதட்டோரத்தில் கிரீம் ஒட்டியிருந்தது. அதே வாய், அதே அம்மா, அதே சத்தியம். எத்தனை முறைதான் ஒரு சத்தியத்தைக் கக்குவான் ஒருத்தன்?

"உன் ரூமும் வேணாம், உன் சத்தியமும் வேணாம். அம்மாவை விட்டுடு. செத்தும் அவளை நிம்மதியா இருக்க விட மாட்டியா?"

சின்ன அறைக்குப் போனாள். திரையை வளையத்தோடு கழற்றினாள். "எல்லாம் வீட்டோடதுன்னு சொல்லியாச்சு" என்று அண்ணி வாசலில் நின்றாள். "அப்ப வீட்டைத் தைக்கச் சொல்லு" என்று அவளைத் தாண்டி வந்தாள். அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆசைப்பட்ட அறைதான். இப்போது அதற்குள் ஒரு நிமிஷம் நிற்கப் பிடிக்கவில்லை. தன்னிடம் இருந்த வீட்டுச் சாவியை மேசையில் வைத்தாள். திரையைத் தோளில் போட்டுக்கொண்டு சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். கொண்டுபோய்க் கழுவி, தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அம்மா சிரித்த சட்டி.

"அதை எங்க எடுத்துட்டுப் போற?" என்றார் அண்ணன்.

அவள் நின்றாள்.

"மேடம் சொல்லியிருக்காங்க. இந்த மாதிரி பழைய சாமான் வாங்கவே ஆள் இருக்காங்களாம். அது வீட்டுப் பொருள். வச்சிட்டுப் போ."

பாபின் அக்காவுக்கு ஒரு கணம் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. இவ்வளவுக்கும் அப்புறமா? வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தும் அது மட்டும் உள்ளேயே இருக்கிறதே! எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்பார்கள். இவர் தன் வீட்டையே கொளுத்திவிட்டுப் பிடுங்குகிற ஆள்.

திரும்பி வந்தாள். அவர் கையை விரித்து, விளிம்புவரை தளும்பிய சட்டியை அதில் வைத்தாள். கனத்தில் அவர் தள்ளாடினார். கட்டைவிரல் உள்ளே முங்கியது.

"சரி, வச்சுக்கோ. இத்தனை நாள் நான் கழுவினேன். இன்னைக்கு நீ கழுவு."

இளம்பச்சைத் திரையைத் தோளில் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். இரண்டாவது மாடி திரும்பும்போது மேலே இருந்து அண்ணியின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"அய்யய்யோ, அதை ஏன் என்கிட்ட நீட்டுறீங்க?"